லேபிள் யாருடையது?

(பனியன் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



இங்கிலாந்தில் பப் என்னும் மதுக்கடைகள் உண்டு. சிறு ஆலைகள் பீர் காய்ச்சித் தருகின்றன. அதற்குத் தன் கடைப் பெயரைச் சூட்டி விற்கிறான் கடைக்காரன். காய்ச்சியவன் பெயர் குடிப்பவனுக்குத் தெரிவதில்லை. இதிலென்ன புதுமை என்பீர்கள். நாம் தைக்கும் பனியனிலும் அயல்நாட்டுக் கடையின் லேபிள்தானே ஏறுகிறது!

பெயர் யார் கையிலோ, பேரமும் அவன் கையில். ஆலை விலை கூட்டிக் கேட்டால் வேறு ஆலைக்குப் போவான். அதே பெயரில் பீர் ஓடும்.

முன்பு அங்கே பீர் முதலாளிகளே ஆயிரக்கணக்கான பப்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். 2,000 கடைகளுக்கு மேல் வைத்திருந்தோரின் பிடியை 1989-ல் அரசு உத்தரவு தளர்த்தியது. கண்டதென்ன? பெருவாரியான கடைகள் வேறு பெருங் கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தன. நுகத்தடி கை மாறியது, கழுத்து மாறவில்லை.

இங்கும் அதே கதைதான். விலையைக் குறை என்கிறான் அயல்நாட்டுக் கடைக்காரன். முதலாளி நம் பீஸ் ரேட்டில் கை வைக்கிறான். பருத்தி எடுக்கும் கூலிக்காரர் பெயரோ எந்தச் சட்டையிலும் இல்லை.

1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் கண்ட ஊர் இது. நம் கைகள் நின்றபோது லேபிளா வந்து தைத்தது?

லேபிள் அவனுடையதாகவே இருக்கட்டும். கை நம்முடையது. ஒன்றுபட்டு நின்று நியாயமான கூலியை வாங்குவோம்!