இடுப்பளவும் இதயநலமும்



புலால் மறுத்த குடும்பத்தில் பிறந்து, மதுவைத் தொடாமல், புகையிலையை அறியாமல் வாழ்ந்த ஒருவர் ஐம்பது வயதில் மாரடைப்பால் சாயும்போது, உறவினர் அனைவரும் "அவருக்கா?" என்றே கேட்கின்றனர். மரக்கறி உணவே இதயத்துக்குக் காப்பு என்ற நம்பிக்கை அக்கேள்விக்குள் இருக்கிறது. காப்புத்தான், ஆனால் முழுக்காப்பு அன்று. நெய்யில் மிதக்கும் அல்வாவிலும் புலால் இல்லை. இலை நிறைய இடப்படும் வெள்ளைச் சோற்றிலும் இல்லை.

இந்திய உடலின் இயல்பையும் இங்கே எண்ண வேண்டும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! எடைமேடை இருவரையும் ஒன்றாகவே காட்டியது. மெலிந்த கை கால்களும் சற்றே முன்தள்ளிய வயிறும் கொண்ட உடலில் கொழுப்பு உள்ளுறுப்புகளைச் சுற்றித் தங்குகிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, உடற்பருமன் உடையோரை 25.4 கோடி என்றும் வயிற்றுப் பருமன் உடையோரை 35.1 கோடி என்றும் மதிப்பிட்டது. எடைமேடையின் கண்ணுக்குத் தப்பியவர் எத்தனை கோடி என்பதை இவ்விரு எண்களின் இடைவெளி சொல்லும்.

வயிற்றுக் கொழுப்பு செய்யும் தீங்கைப் பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் மக்களுக்கு விளக்குவது எளிது. உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கிறது. அது தசைக்குள் நுழையக் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படியப் படியப் பூட்டு துருவேறுகிறது. ஒரு சாவி போதாமல் கணையம் மேலும் மேலும் சாவிகளை வார்க்கிறது. பல ஆண்டுகள் இப்படியே கழியும். அக்காலத்தில் இரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சம். அதற்குள் கல்லீரல் மிகுதியான மாவுச்சத்தை ட்ரைகிளிசரைடு கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது. நன்மை செய்யும் எச்.டி.எல். குறைகிறது, தீய எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்ந்து தமனியின் உட்சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அங்கே அழற்சி உண்டாகிக் கொழுப்புத்திட்டு வளர்கிறது. ஒரு நாள் அத்திட்டு வெடிக்க, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதுவே மாரடைப்பு.

ஆகவே வீட்டில் ஓர் அளவுநாடா வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்பவர். ஆடவருக்கு 90 செ.மீ., மகளிருக்கு 80 செ.மீ.; அதற்கு மேற்பட்டால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சோதித்தறிவது முறை.

மருந்தின் பெரும்பகுதி முன்னோர் வைத்துச் சென்ற நெறியிலேயே இருக்கிறது. புறத்தவம் ஆறனுள் உண்ணாமைக்கு அடுத்து நிற்பது அவமௌதரியம். வயிறு நிறையுமுன் கையெடுத்தல். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் சுவைப் பொருள்களை விலக்குவது இரசபரித்தியாகம். உயிர்களுக்கு ஊறு நேராமைக்காக வகுத்த இரவுண்ணாமை உடலுக்கும் துணையாகிறது. ஒரே உணவு காலையைவிட இரவில் சர்க்கரையை மிகுதியாக ஏற்றுவதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன.

நெறி நோன்பு நாளில் நிற்கிறது. கடை நாளில் நிற்பதில்லை. காலை முதல் கல்லாவில் அமர்ந்து, இரவு ஒன்பதரைக்குக் கடையடைத்து, பத்து மணிக்கு உண்டு, பத்தரைக்குப் படுக்கும் வணிகர் எத்தனை பேர்! பாரணை நாளில் இனிப்பாலும் நெய்யாலும் நோன்பை ஈடுகட்டும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கடைக்கு ஓர் அடுக்குப் பாத்திரம் வந்தால் போதும். அதில் சோற்றைப் பாதியாக்கி, பயறும் சுண்டலும் காய்கறியும் நிரப்ப வேண்டும். இந்தியர் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வுக் குழு 2025இல் கணித்திருக்கிறது.

உணவு வீட்டளவில் மாறும். நடை ஊரளவில்தான் மாறும். இதற்குச் சென்னைத் திருமங்கலம் ஏசியாட் காலனி சான்று. 1996இல் மருத்துவர் வி. மோகன் குழுவினர் அக்காலனியிலும் தியாகராய நகரின் எளியோர் வாழும் பாரதி நகரிலும் ஆய்வு தொடங்கினர். இருபது வயதைக் கடந்தோரில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. ஏசியாட் காலனியின் நடுத்தரக் குடும்பங்களில் நீரிழிவும் இதய நோயும் பாரதி நகரைவிட மிகுதி. முடிவை எடுத்துரைத்தபோது அக்காலனி மக்கள் அரசை எதிர்பார்த்திராமல் தம் பணத்திலேயே ஒரு பூங்கா அமைத்தனர். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். நடக்கும் தசை இன்சுலின் சாவி இல்லாமலே, கொல்லைக் கதவு வழியாகச் சர்க்கரையை உள்வாங்கிக்கொள்ளும். துருவேறிய பூட்டுக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

திண்டுக்கல்லில் பூங்கா கட்டக்கூட வேண்டியதில்லை. மலைக்கோட்டை அடிவாரம் இருக்கிறது. அறக்கட்டளை செய்ய வேண்டியது, விடியற்காலை ஒரு மணி நேரத்தைக் குறித்து, குடும்பங்களைச் சேர்த்து அழைப்பதே. ஆண்டுக்கு ஒருமுறை, பழனிக்கு அருகே ஐவர்மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காணச் செல்லலாம். பார்சுவநாதர் திருமேனி பொ.ஆ. 870இல் புதுப்பிக்கப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டு உள்ள மலை அது. வாகனத்தை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏற வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கண்ட பின்னரே ஏறலாம்.

நோன்பு நோற்போருக்கு ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர், நோன்புக்குச் சில நாள் முன்பே மருத்துவரிடம் சென்று மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வழக்கமான மருந்தை உட்கொண்டு உணவை விடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டவுடன் நோன்பை நிறுத்திச் சர்க்கரை நீர் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல் உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். இதை நோற்பவர் மட்டுமன்றி உடனிருக்கும் இல்லத்தாரும் அறிந்திருக்க வேண்டும்.