பிழை எப்படித் தப்பியது?



இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே, உங்களில் பலர் மென்பொருள் துறைக்குப் போகிறீர்கள். உங்கள் முன்னால் ஒரு விபத்தின் கதையை வைக்கிறேன். 1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடிகளில் பாதை விலகிச் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

காரணம் இதுதான்: 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு அடங்காமல் வழிந்தது. திசையறியும் கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் நின்றுபோயிருந்தது.

எழுதியவர்கள் அலட்சியக்காரர்களா? இல்லை. அது முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய கோட். ஏழு மாறிகளில் இந்த ஆபத்து உண்டு என்று அவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு கொடுத்தார்கள். ஏரியன் 4-இன் வேகத்துக்கு அந்த முடிவு பொருந்தியது. ஏரியன் 5 தொடக்கத்திலேயே கிடைமட்டமாக அதிக வேகம் எடுக்கும். புதிய பாதையின் விவரம் அந்தக் கருவிக்கான தேவை ஆவணத்தில் இடம்பெறவில்லை. அந்தப் பாதையை வைத்துக் கருவியைச் சோதிக்கவும் இல்லை. சோதித்திருந்தால் பிழை தரையிலேயே அகப்பட்டிருக்கும் என்றது ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு. அக்குழு தனி மனிதர் எவர்மீதும் பழி போடவில்லை. மறுஆய்வு, சோதனை, ஆவணம் என்று வேலை நடக்கும் முறையைத் திருத்த 14 பரிந்துரைகள் தந்தது.

ஐபிஎம்மில் நெடுங்காலம் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ஃப்ரி, 1986-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் கழகத்துக்கு வந்து, வேலை நடக்கும் முறையைத் திருத்தும் இந்த அணுகுமுறையையே ஒரு துறையாக வளர்த்தார். ஒரு நிறுவனம் மென்பொருள் உருவாக்கும் முறையை மதிப்பிட அங்கே உருவான முதிர்ச்சி மாதிரியில் ஐந்தாவது, உச்ச நிலை எது தெரியுமா? பிழையின் காரணத்தைத் தேடி, அது மறுபடி வராதபடி முறையைத் திருத்திக்கொண்டே இருப்பது. இந்திய நிறுவனங்கள் பல அந்த நிலைக்கான சான்றிதழை வாங்கி வரவேற்பறையில் மாட்டின. சான்றிதழ் மட்டும் தரத்தைக் கொண்டுவராது. அன்றாடப் பழக்கம்தான் கொண்டுவரும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒரு பக்-ஐச் சரிசெய்து மூடும்போது, அது எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தச் சோதனையில் தப்பியது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். பழைய கோட்-ஐ எடுத்தாளும்போது, அது எதை நம்பி எழுதப்பட்டது என்று கேளுங்கள். ரிலீஸ் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது டெஸ்டிங்தான்; அப்போது எழுந்து மறுப்புச் சொல்லுங்கள். நாளை நீங்கள் டீம் லீட் ஆவீர்கள். அன்று "யார் செய்தது?" என்று தொடங்காதீர்கள், "நம் முறை இதை எப்படி விட்டது?" என்று தொடங்குங்கள். பயந்த குழு பிழையை மறைக்கும். மறைத்த பிழை வாடிக்கையாளரிடம் போய் வெடிக்கும்.