வழக்கறிஞருக்கும் சங்கம் உண்டு

(கிள்ளான் வட்டார உறுப்பினர் கூட்டத்திற்காக எழுதப்பட்ட உரை)

சங்கம் என்பது பால்மரம் வெட்டுகிறவனுக்கும் தண்டவாளம் போடுகிறவனுக்கும்தான் வேண்டும், படித்த லாயருக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விபத்தில் கையோ காலோ போனவனுக்கு இந்தக் கேள்வியின் விடை சோற்றுக் கேள்வி. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

1946ஆம் ஆண்டு அமெரிக்காவில், காயம்பட்ட தொழிலாளருக்காக நஷ்டஈட்டு வழக்குகள் நடத்திய வழக்கறிஞர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். எதிரே நின்றது பணபலம் படைத்த இன்சூரன்ஸ் கம்பெனி. தனித்தனியே நின்றால் தோற்போம், அறிந்ததைப் பகிர்ந்துகொண்டால் வெல்வோம் என்று கண்டார்கள். இங்கே 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனதும் இதே கணக்கில்தான்.

நம் நாட்டு நிலை என்ன? 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் தொழில் நடத்தும் ஒவ்வொரு வழக்கறிஞரும் மலேசிய வழக்கறிஞர் சங்கத்தில் உறுப்பினர். ஆண்டுதோறும் தொழில் சான்றிதழ் பெற வேண்டும். தொழில் பொறுப்புக் காப்புறுதியும் வைத்திருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவால் நம் வழக்கு கெட்டால், ஈடு கேட்க அந்தக் காப்புறுதி உண்டு. கட்சிக்காரரின் பணத்தை ஒருவர் மோசடி செய்தால், அதற்கென ஓர் இழப்பீட்டு நிதியும் உண்டு. ஒழுங்கு மீறினால் எழுத்தில் புகார் கொடுக்க ஒழுங்கு வாரியம் இருக்கிறது. "தங்கள் ஆளைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள மாட்டார்களா?" என்று ஐயப்பட வேண்டாம். விசாரணைக் குழுவில் வழக்கறிஞரல்லாத ஒருவரும் உட்காருகிறார்.

இன்னொரு பயனும் உண்டு. முறிந்த காலுக்கு என்ன தொகை, இழந்த விரலுக்கு என்ன தொகை என்று வழிகாட்டும் நஷ்டஈட்டுத் தொகுப்பு 2018இல் திருத்தி வெளிவந்தது. சங்கத்தோடு கலந்து பழகும் வழக்கறிஞர் இதையெல்லாம் கையில் வைத்துப் பேசுவார். அறியாதவர் கம்பெனி நீட்டிய தொகைக்குத் தலையாட்டுவார்.

இப்போது மருத்துவமனை வாசலுக்கு வருவோம். காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளியை லாரி மோதுகிறது. கட்டுப் போட்டு முடியுமுன்னே ஒரு ஆள் வந்து, "அண்ணே, லாயர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், வென்றால் இத்தனை பங்கு, இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறான். அவன் எந்தச் சங்கத்தில் உறுப்பினன்? எந்த வாரியத்துக்குப் பதில் சொல்வான்? எதற்கும் இல்லை. தரகன் வைத்து வழக்குப் பிடிப்பதும், வென்றால் பங்கு என்று ஒப்பந்தம் போடுவதும் வழக்கறிஞருக்கே சட்டம் விலக்கியவை.

ஆகவே தோழர்களே, இதை மனத்தில் வையுங்கள். வேலையிலோ, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ விபத்து நேர்ந்தால் முதலில் சொக்சோ. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சொக்சோ பாதுகாப்பு உள்ளவர் அந்த விபத்துக்காக முதலாளி மீது வழக்குத் தொடர 1969ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது. ஆனால் மோதிய லாரிக்காரன் மீது தொடரலாம். அதற்குத்தான் வழக்கறிஞர் வேண்டும். சாலை விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கொடுங்கள். பொதுவாக ஆறு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அரசாங்க வண்டியானால் 36 மாதந்தான். "பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிட்டால் காலம் போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு வழக்கறிஞரிடம் போகுமுன், அவர் பெயர் வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். படித்த பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே பார்த்துச் சொல்வார்கள். கிராணிமார்கள் இந்த உதவியைச் செய்ய வேண்டும். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ரசீது வாங்குங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சங்கத்துக்குக் கட்டுப்பட்டவனிடம் கேள்வி கேட்க முடியும். நமக்கும் அதே விதிதான். சந்தா கட்டி, கூட்டத்துக்கு வந்து, நம் சங்கச் செயலாளரிடம் விபத்தன்றே செய்தி சொல்லுங்கள். தரகன் கட்டிலருகே வருமுன் நாம் அங்கே இருக்க வேண்டும்.