யாரிடம் சொல்வது, டீச்சர்?

(கிளாவரையில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் கடந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். வரும்போதே பார்த்திருப்பீர்கள், எங்கள் ஊரில் கொஞ்சம் சமதளம் கிடைத்தால் அதில் பூண்டோ கேரட்டோ விளைந்துகொண்டிருக்கும். மிச்சமிருக்கும் சரிவில்தான் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். கீழ்நோக்கி அடிக்கும் அணிக்கே லாபம் என்பதால் எந்தப் பக்கம் யாருக்கு என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். பந்து தவறினால் நாலு பாத்தி இறங்கி எடுத்து வர வேண்டும். அப்படி ஏறி இறங்கியே எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு பலமாகிவிட்டது.

நான் சமூக அறிவியல் நடத்துகிறேன். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத ஆண்டுகளில் அணியை அழைத்துப் போகும் பொறுப்பும் எனக்குத்தான். காலையில் குடிமையியலில் நாடாளுமன்றம், மாலையில் கால்பந்து. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அது தவறு என்று எனக்குப் புரியவைத்தவள் ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் 14 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியைக் கீழே ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். விடியுமுன் கிளம்பி, மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து, வெயிலில் போய் இறங்கினோம். அந்தச் சோர்விலும் முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுவாரம், தடுப்பாட்டத்தில் நின்ற ஒரு பெண் விளையாட வரவில்லை. கேட்டேன். “வயிற்றுவலி டீச்சர்” என்றாள். அதற்குப் பிறகும் அவள் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்றுதான் சொன்னாள். அன்று உடை மாற்றக் கொடுத்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. சன்னல் பக்கம் பெரிய பையன்கள் நின்று சிரித்திருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. “அன்னைக்கே ஏம்மா சொல்லல?” என்றேன். “யார்கிட்ட சொல்றது டீச்சர்? நீங்க ஜெயிச்ச சந்தோஷத்துல இருந்தீங்க” என்றாள்.

அந்த அறையைக் கொடுத்தவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அறையைப் போய்ப் பார்க்காதது நான்தான்.

நண்பர்களே, அவள் கேட்ட கேள்வியை நம் நாடாளுமன்றமும் வேறொரு வடிவில் கேட்டிருக்கிறது. விளையாடுகிற பிள்ளைக்கு ஒரு குறை வந்தால் யாரிடம் சொல்வது? விளையாட்டை நடத்துகிறவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

2022-ஐ நினைத்துப் பாருங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமைக்கு 2020 டிசம்பரிலேயே பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 2022 மே மாதம் நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவை அமர்த்தியது. வெளியார் தலையீடு என்று சொல்லி, ஆகஸ்ட் நடுவில் பிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. கேரளத்தின் கோகுலம் மகளிர் அணி ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போயும் ஆட முடியாமல் திரும்பியது. அக்டோபரில் நம் நாட்டில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையும் கேள்விக்குறியானது. ஆகஸ்ட் முடிவதற்குள் தடை நீங்கி, உலகக் கோப்பை நடந்தது. பெரியவர்களின் நாற்காலிச் சண்டையில் அந்தச் சிறுமிகளின் கனவு சில நாள் அந்தரத்தில் தொங்கியது என்பதை மறக்கக் கூடாது. அதே ஆண்டில், அதே வயதுப் பெண்கள் அணியின் ஐரோப்பியப் பயணத்தில் ஓர் உதவிப் பயிற்சியாளர் பாலியல் முறைகேட்டுக்காக நீக்கப்பட்டதும் நடந்தது.

விளையாட்டு, அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 33-ஆம் இனமாக இருக்கிறது. தேசியக் கூட்டமைப்புகளுக்கு 2011 முதல் ஒரு விளையாட்டு நெறிமுறை இருந்தது. ஆனால் அது அரசின் நெறிமுறைதான், சட்டம் அல்ல. 2025-இல்தான் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 11 அன்று மக்களவையிலும், 12 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, 18 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. கூட்டமைப்புகளை அங்கீகரித்து மேற்பார்வையிட ஒரு வாரியம், வழக்குகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம், தேர்தலைக் கண்காணிக்க ஒரு குழு என்று அது வகுத்திருக்கிறது. நிர்வாகக் குழுவில் பெண்களும் சிறந்த விளையாட்டு வீரர்களும் இருந்தாக வேண்டும். பெண்களுக்கும் சிறாருக்கும் பாதுகாப்பான விளையாட்டுச் சூழல் வேண்டும், குறை கேட்கும் ஏற்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது.

சட்டம் நிறைவேறியதோடு நாடாளுமன்றத்தின் வேலை முடிவதில்லை. கேள்வி நேரம் இருக்கிறது. நிலைக்குழு இருக்கிறது. அந்த நிலைக்குழுவின் பெயரை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: கல்வி, மகளிர், குழந்தைகள், இளைஞர், விளையாட்டு. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 உறுப்பினர்கள். எழுதிவிட்டுத் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. சரிவில் பந்து விளையாடும் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை இந்த ஐந்து சொல்லிலுமே இருக்கிறாள்! அவளுக்காக டெல்லியில் 31 பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது. ஆனால் அன்று அவள் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான்.

கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். சிறுவர் கால்பந்தில் 1970 முதல் 2005 வரை நடந்த பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த கிளைவ் ஷெல்டனின் அறிக்கை 2021 மார்ச்சில்தான் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பலர் நடுவயதைக் கடந்த பிறகுதான் வாய் திறந்தார்கள். அவ்வளவு காலம் ஒரு பிள்ளை மனதில் பூட்டி வைத்திருக்கிறது.

நம் பள்ளி விளையாட்டிலும் பாடம் உண்டு. 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போன இந்திய மாணவியர் கால்பந்து அணியில் ஒரு பதினைந்து வயதுப் பெண் கடற்கரையில் அலையில் சிக்கி இறந்துபோனாள். ஆட்டம் முடிந்தாலும் நம் பொறுப்பு முடிவதில்லை. பிள்ளை வீட்டு வாசலில் இறங்கும் வரை அது நம்முடையதுதான்.

தேசியச் சட்டம் தேசிய அமைப்புகளுக்கானது. குறுவட்டப் போட்டிக்குப் போகும் பதினைந்து பிள்ளைகளுக்கு நாம்தான் கூட்டமைப்பு, நாம்தான் தீர்ப்பாயம். ஆகவே, அந்த மாணவி சொன்ன பிறகு எங்கள் பள்ளியில் நாங்கள் செய்துவருவதைச் சொல்கிறேன்.

முதலாவது, அணித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். பெயர்ப் பட்டியலை அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். விடுபட்ட பிள்ளை காரணம் கேட்கலாம், நான் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, வயது. 14, 17, 19 என்ற எல்லையில் ஒரு மாதம் கூடினாலும் அழைத்துப் போவதில்லை. “ஒரு தடவைதானே டீச்சர்” என்று பெற்றோரே கேட்பார்கள். வயது கூடிய ஒரு பிள்ளை ஆடினால், உரிய வயதுள்ள இன்னொரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்று சொல்வேன்.

மூன்றாவது, பயணத் திட்டத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசிக்கிறோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பாடு, எவ்வளவு செலவு, எல்லாம். பெண்கள் அணியென்றால் குழுவிலிருந்து ஒரு தாயும் கூட வருவார். பூண்டு எடுப்புக் காலத்தில் ஒருநாள் கூலி போகும், ஆனாலும் முறை வைத்து வருகிறார்கள். போய் இறங்கியதும் நானும் அவரும் முதலில் பார்ப்பது கழிப்பறையையும் தாழ்ப்பாளையும்தான். மைதானம் அதற்குப் பிறகு.

நான்காவது, திரும்பிய மறுநாள் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுகிறோம். ஜெயித்தோமா தோற்றோமா என்பதல்ல பேச்சு. யாருக்கு என்ன கஷ்டம், எங்கே பயமாக இருந்தது என்று கேட்போம். எல்லார் முன்னாலும் சொல்ல முடியாததை ‘மாணவர் மனசு’ பெட்டியில் போடலாம். 1098, 14417 எண்கள் எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி புகார் செய்வது நம் கடமை. மூடி மறைக்க நமக்கு உரிமை இல்லை.

இதனால் எங்கள் அணி கோப்பை வாங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத்தான் வந்தோம். மறுநாள் உட்கார்ந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கை தூக்கி, “டீச்சர், நீங்க மைதானத்துல எம்மேல கத்துனது எனக்குப் பிடிக்கல” என்றாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நாள் மாலை, சரிவில் முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான்.

தடுப்பாட்டத்தில் நின்ற அந்தப் பழைய மாணவிக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இனி வரும் பிள்ளைகளுக்காவது “என்னிடம் சொல்” என்று சொல்லும் தகுதி நமக்கு வேண்டும். அந்தத் தகுதியை எந்தச் சட்டமும் நமக்கு வாங்கித் தர முடியாது.