நாமே குறித்துக்கொள்ளும் நல்ல நாள்

(பெரகல பகுதித் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. கைக்காசுக் கொழுந்துக்கும் போகாமல், விறகுக்கும் போகாமல் இந்தப் பிள்ளைமடுவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி. மழைக்கு முன்னால் எல்லோரும் லயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகையால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுவோம்.

நம் லயங்களில் ஒரு வருஷத்துக்கு எத்தனை நல்ல நாள் வருகிறது? தைப்பொங்கல், மாசியில் காமன் கூத்து, சித்திரை வருஷப் பிறப்பு, அம்மன் திருவிழா, மே தினம், தீபாவளி. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நத்தார். விரல் விட்டு எண்ணிவிடலாம். இவை நமக்கு முன்னே இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன நாட்கள். இவற்றோடு சேர்த்து ஒரு குடும்பம், ஒரு லயம், தனக்கென்று ஒரு நல்ல நாளைத் தானே குறித்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கொண்டாடலாமா? தாராளமாகக் கொண்டாடலாம் என்பதுதான் எங்கள் பேச்சு.

“அதெல்லாம் பஞ்சாங்கத்துல இருக்கணும், இல்லாட்டி அரசாங்கம் சொல்லணும்” என்று சிலர் நினைக்கலாம். மே தினம் எப்படி வந்தது என்று பாருங்கள். 1886இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் எட்டு மணி நேர வேலை கேட்டு தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1889இல் பாரிஸ் நகரத்தில் கூடிய தொழிலாளர் பிரதிநிதிகள் மே முதலாம் திகதியைத் தங்கள் நாளாகக் குறித்தார்கள். நம் தமிழ் மண்ணிலே 1923இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். பாரிஸில் நாள் குறித்தபோது அரசாங்கம் சொல்லி அதைக் குறிக்கவில்லை. உழைக்கிற ஜனங்கள் தாங்களே குறித்தார்கள். அரசாங்கங்கள் பிறகுதான் ஏற்றுக்கொண்டன.

நம் தேயிலைக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி புதுடில்லியில் தொழிற்சங்கங்கள் கூடி சர்வதேச தேயிலை தினத்தைக் கொண்டாடின. அடுத்த வருஷம் நம் இலங்கையிலும் கொண்டாடினார்கள். தேத்தண்ணி குடிக்கிற உலகம், கொழுந்து பறிக்கிற கையையும் ஒரு நாளாவது நினைக்க வேண்டும் என்று தேயிலைத் தொழிலாளருக்காக உழைத்தவர்கள் உண்டாக்கிய நாள் அது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை மே 21ஆம் திகதியை சர்வதேச தேயிலை தினமாக அறிவித்தது. பல நாடுகளில் மே மாதத்தில்தான் தேயிலைப் பருவம் தொடங்குகிறது. திகதி மாறினாலும், முதலில் நாள் குறித்தவர்கள் தேயிலை மக்கள்தான் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பாட்டன் பூட்டன் காலத்திலும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. ஊரிலிருந்து மாரியம்மனையும் முனியாண்டியையும் கொண்டுவந்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஸ்டோரில் ரோதை சுற்றுகிற இடத்தில் ஆபத்து வரக்கூடாது என்று ரோதைமுனியை வைத்தார்கள். கவ்வாத்து வெட்டுகிற கத்தி காலில் படக்கூடாது என்று கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டார்கள். இந்தச் சாமிகள் ஊர்ப் புராணத்தில் இல்லை. நம் மலையில், நம் வேலையில் பிறந்த சாமிகள். அவற்றுக்குப் பூசை நாள் குறித்ததும் நம் ஆட்கள்தான்.

துக்கத்துக்கும் நாம் நாள் குறித்திருக்கிறோம். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார். அந்த நாளை மலையகத் தியாகிகள் தினமாக நினைவு கூருகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில், கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய நாள். அந்தத் திகதி வந்தால் இன்றும் நம் நெஞ்சு கனக்கிறது. வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் கண் மூடிவிட்டால் எட்டு, பதினாறு, முப்பத்தொன்று, வருஷத் திவசம் என்று நாள் தவறாமல் செய்கிறோம். செய்யத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கிறவருக்கு நாம் என்ன நாள் குறித்திருக்கிறோம்?

இந்தக் கேள்வியை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் ஓர் ஆச்சி. பெயர் வேண்டாம். கொழுந்து மலையிலேயே தலை நரைத்தவர். வேலையை விட்டுப் போகிற அன்று கடதாசிகளில் கையெழுத்து வைக்க வந்தார். பிறந்த திகதியைக் கேட்டோம். “அது யாருக்குத் தெரியும் ஐயா, அடையாள அட்டையில இருக்கிறது யாரோ உத்தேசமாப் போட்டது” என்றார். பெருவிரலில் மையைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு வரத் தேவையில்லதானே?” என்று கேட்டார். “தேவையில்லை ஆச்சி, போய் வாருங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டோம். அவ்வளவுதான். இத்தனை வருஷம் கூடை சுமந்த ஒருவரை எழுந்து நின்று வழியனுப்ப எங்களுக்குத் தோன்றவில்லை. அது எங்கள் பிழை.

அடுத்த நாளும் அவர் விடியற்காலையில் எழும்பி, படங்கைக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் நின்றாராம். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பக்கத்துக் காம்பராப் பெண்கள் இதைப் பார்த்து மனம் வருந்தினார்கள். ஒரு வருஷம் கழிந்து அதே திகதி வந்தபோது, அவர்களே ஒரு முடிவு எடுத்தார்கள். வேலை முடிந்து வந்து கை கால் கழுவி, ஆளுக்கு இரண்டு ரொட்டி சுட்டு, கடலை அவித்து, தேத்தண்ணி ஊற்றி, ஆச்சியை இஸ்தோப்பில் நடுவில் உட்கார வைத்தார்கள். அவருடைய பழைய கூடைக்குக் குங்குமம் வைத்து முன்னால் வைத்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். “எனக்கு ரெண்டு எல ஒரு மொட்டு கிள்ளக் காட்டித் தந்தது நீங்கதான்” என்றார் ஒருவர். “நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எம்புள்ளைக்குச் சோறு ஊட்டுனது நீங்க” என்றார் இன்னொருவர். ஆச்சி வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதெல்லாம் நான் செத்தப்பொறகுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

அந்த ஆச்சி இப்போது இல்லை. ஆனால் அந்த லயத்தில் அந்தத் திகதி வந்தால் இன்றும் ரொட்டி சுடுகிறார்கள். வேலையை விட்ட மற்ற ஆச்சிமாரையும் தாத்தாமாரையும் நடுவில் உட்கார வைக்கிறார்கள். கூடை இறக்கிய நாள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எந்தக் கலண்டரிலும் அது இல்லை.

இப்படி ஒரு நாளை எந்தக் குடும்பமும் குறிக்கலாம். வேலையை விட்ட நாளாக இருக்கலாம். குடிப்பழக்கத்தை ஒருவர் விட்ட நாளாக இருக்கலாம். அடகு வைத்த நகையை மீட்ட நாள், பிள்ளை பரீட்சையில் தேறிய நாள், நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள், சொந்த வீட்டுச் சாவி கைக்கு வந்த நாள் என்று எதுவும் ஆகலாம். நாங்கள் கேட்டுக்கொள்வது நான்கு விஷயங்கள்.

முதலாவது, கடன் வாங்காதீர்கள். தீபாவளி அட்வான்ஸையே மாதக்கணக்காகக் கட்டுகிறோம். அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்ற பெண் 1908இல் தன் தாயின் நினைவாக அன்னையர் தினத்தைத் தொடங்கினார். 1914இல் அரசாங்கம் அதை ஏற்றது. பிறகு கடைக்காரர்கள் அட்டையும் பூவும் மிட்டாயும் விற்கிற நாளாக அது மாறியது. அதைப் பார்த்து அந்த அம்மாவே மனம் நொந்து, தான் தொடங்கிய நாளை அப்படிக் கொண்டாட வேண்டாம் என்று கடைசிவரை போராடினார். நம் நாளுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் போதும்.

இரண்டாவது, போத்தல் வேண்டாம். போத்தல் வந்தால் பெண்களும் பிள்ளைகளும் காம்பராவுக்குள் போய்விடுவார்கள். பிறகு அது யாருக்கு நல்ல நாள்?

மூன்றாவது, யாரையும் விடாதீர்கள். பேச்சுவார்த்தை இல்லாத காம்பராவுக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி போகட்டும். தனியாக இருக்கிறவர்களையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, வேலையை விட்டவரின் நாள் என்றால் அவருடைய கடதாசிகளையும் அன்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டையிலும் ஊழியர் சேமலாப நிதி அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? பணிக்கொடை கைக்கு வந்ததா? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்த தோட்டத் தொழிலாளிக்குப் பணிக்கொடை உரித்து. வேலை முடிந்து 30 நாளைக்குள் அதைக் கொடுக்க வேண்டும். படித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னால் அதுவே பெரிய உபகாரம். சந்தேகம் இருந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! 2023இல், நம் மூதாதையர் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜனங்கள் கால்நடையாகப் போனார்கள். அந்த வழியில் விழுந்து மடிந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் பிறந்த நாளும் தெரியாது, இறந்த நாளும் தெரியாது. நம்மோடு ஒரே லயத்தில் இருக்கிறவருக்கும் அந்தக் கதி வர விடலாமா?

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் தொங்குகிற கலண்டரை எடுங்கள். உங்கள் வீட்டில் மூத்தவரிடம், “உங்களுக்கு மறக்க முடியாத நல்ல நாள் எது?” என்று கேளுங்கள். அவர் சொல்கிற நாளைப் பேனையால் வட்டம் போடுங்கள். அந்த நாளில் தேத்தண்ணிக்கு எங்களையும் கூப்பிடுங்கள். நாங்கள் வருவோம். இந்தத் தடவை எழுந்து நின்று வணங்குவோம்.