ஆசிரியை வழக்கறிஞரான வரலாறு
(பங்கின் மாதர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது சென்று நியாயம் கேட்ட கைம்பெண்ணின் உவமையை நாம் அறிவோம். அவள் நடுவரின் வாசலுக்காவது போக முடிந்தது. வீட்டு வாசலையே தாண்டக் கூடாத கைம்பெண் என்ன செய்வாள்? அவளுக்காக உழைத்த ஓர் ஆசிரியையைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

கொர்னேலியா சொராப்ஜி 1866-ல் நாசிக்கில் பிறந்தார். தந்தையார் பார்சி குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய போதகர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி இவரே. ஆயினும், இங்கிலாந்தில் மேற்படிப்புக்கான அரசு உதவித்தொகை, பெண் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. மனம் தளராது அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். பின் நல்லோர் சிலரின் உதவியால் 1889-ல் ஆக்ஸ்போர்டு சென்று, 1892-ல் சட்டத் தேர்வு எழுதினார். பட்டம் கைக்கு வந்ததோ 1922-ல்!

அக்காலத்தில் கோஷாப் பெண்கள் அந்நிய ஆடவரிடம் பேசலாகாது. வழக்கறிஞர் அனைவரும் ஆடவர். ஆகவே சொத்திருந்தும் அதைக் காக்க வழியின்றி ஏமாந்தனர். கொர்னேலியா அவர்களுடைய அந்தப்புரங்களுக்கே சென்று குறை கேட்டார். 1904-ல் வங்காள அரசு, சிறுவர், கைம்பெண்கள் ஆகியோரின் சொத்துக்களைக் கண்காணிக்கும் துறையில் அவரை நியமித்தது. பாகம், சுவீகாரம், ஜீவனாம்சம் என்று குடும்பங்களின் சிக்கல்களிலேயே அவருடைய ஆண்டுகள் கழிந்தன. பெண்கள் வழக்காடத் தடையில்லை என்று 1923-ல் சட்டம் வந்தபின், ஐம்பது வயதை நெடுநாள் முன்பே கடந்திருந்த அவர் கல்கத்தாவில் வழக்கறிஞராய்த் தொழில் நடத்தினார்.

இதைச் சொல்லும்போது நமது குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், மேலூர்ப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில், கைம்பெண் ஒருத்தி பத்திரக் கட்டுடன் நம்மிடம் வந்தாள். இரண்டும் பெண் பிள்ளைகள். ஆண் வாரிசு இல்லையென்று, கணவன் பெயரிலிருந்த நிலத்தைக் கொழுந்தன் உழுதுகொண்டான். “பொறுமையாயிரு அம்மா, ஊர்ப் பெரியவர்களிடம் பேசுகிறோம்” என்றோம். பேசினோம், பலனில்லை. அவள் பிள்ளைகளோடு பிழைப்புத் தேடித் திருப்பூர் போனாள்.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் உயிலின்றி இறந்தால், பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு. கொழுந்தனுக்கு அங்கே பங்கே இல்லை! இறையியல் கற்ற நமக்கு அன்று இது தெரியாமற் போயிற்று. தெரிந்தவரிடம் அவளை அனுப்பவும் தோன்றவில்லை.

இன்று வழியுண்டு. மதுரையில் குடும்பநல நீதிமன்றம் உண்டு. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலில் சமரசத்துக்கு முயல்வது அதன் கடமை. பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

நம் பங்கில் ஆசிரியைகள் பலர் இருக்கிறீர்கள். எல்லாரும் வழக்கறிஞராக வேண்டாம். எழுதத் தெரியாதவளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். தனியே போக அஞ்சுகிறவளுக்குத் துணையாய்ப் போங்கள். ஜூபிலி என்றாலே, இழந்த நிலம் உரியவரிடம் திரும்பும் ஆண்டு என்று பழைய ஏற்பாடு கற்பிக்கிறது அல்லவா? அவ்விதமே இந்த ஜூபிலியைக் கொண்டாடுவோம்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!