மயங்கியும் அடங்காத கால்கள்



கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே கடுகளவு ஈ, அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நரம்பைப் பற்றிப் பேச அழைத்தால் இவர் ஈ ஓட்டுகிறாரே என்று நினைக்காதீர்கள். உடலியங்கியல் வாத்தியாரான எனக்கு நரம்பைக் காட்டிக்கொடுத்ததே அதுதான்.

ரவையும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டுக் கிண்டிய கூழில் குப்பி குப்பியாக வளர்ப்போம். ஈதரில் நனைத்த பஞ்சைக் காட்டினால் மயங்கிவிடும். வெள்ளை டைல் மேல் கொட்டி, தூரிகை நுனியால் புரட்டிப் பார்ப்போம். மற்றவை கிடந்தபடி கிடக்கும். ‘ஷேக்கர்’ என்னும் வகை மட்டும் மயக்கத்திலும் காலை உதறிக்கொண்டே இருக்கும். “சார், இதுக்கு ஈதர் பத்தலை” என்பார்கள் மாணவர்கள். ஈதரில் குறையில்லை, பொட்டாசியம் கால்வாயில்தான் குறை.

நரம்பு செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியமும் கால்சியமும் அதிகம். கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் வெளியே ஏறக்குறைய 10,000 மடங்கு. இவை போய்வர, செல் சவ்வில் புரதத்தாலான தனித்தனிக் கால்வாய்கள் உண்டு. சோடியம் உள்ளே பாய்ந்தால் மின்துடிப்பு எழும், பொட்டாசியம் வெளியேறினால் அடங்கும். கணவாயின் நரம்பில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டி, 1963-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். அதைச் சொல்லத் தனியாக ஒரு நாள் வேண்டும், விடுங்கள்.

துடிப்பு நரம்பின் முனைக்கு வந்ததும் கால்சியம் கால்வாய் திறக்கும். கால்சியம் நுழைந்தால்தான் தசையை இயக்கும் வேதிப்பொருள் வெளியே கொட்டும். பொட்டாசியம் துடிப்பை அடக்கியதும் கால்சியத்துக்கும் கதவு சாத்தப்படும். ஆக, கால்சியம் எவ்வளவு நேரம் நுழையலாம் என்பது பொட்டாசியத்தின் கையில்! ஷேக்கரில் ஒருவகைப் பொட்டாசியம் கால்வாய் பழுது. துடிப்பு அடங்கத் தாமதமாகிறது, கால்சியம் கூடுதலாக நுழைகிறது, கால் உதறுகிறது. வாழைப்பழத்தில்தான் பொட்டாசியம் இருக்கிறதே என்கிறீர்களா? ஈ நாளெல்லாம் பழத்தின் மேலேயே உட்கார்ந்தாலும் பயனில்லை. சரக்கு இருக்கிறது, வழிதான் இல்லை.

ஷேக்கரில் பழுதான அந்தக் கால்வாயின் மரபணுவை 1987-இல் பிரித்தெடுத்தார்கள். முதன்முதலில் கைக்கு எட்டிய பொட்டாசியம் கால்வாய் மரபணு அதுதான். அதன் உறவுக்கார மரபணுக்கள் நம் உடலிலும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லாம்பர்ட்-ஈட்டன் என்றொரு நோய். உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே நரம்பு முனையின் கால்சியம் கால்வாய்களைத் தாக்கும். நாற்காலியை விட்டு எழத் தொடையில் வலு இருக்காது. இதற்குத் தரும் டைஅமினோபிரிடின் மருந்து, பொட்டாசியம் கால்வாயை வேண்டுமென்றே அடைக்கிறது. மிஞ்சிய கால்சியம் கால்வாய்கள் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்க, தசைக்கு வலு கூடுகிறது. ஈயின் கோளாறையே அளந்து கொடுக்கும் வைத்தியம் இது. அளவு மீறினால் வலிப்பு வரும்.

கால்சியமே திறந்துவிடும் பொட்டாசியம் கால்வாய்களும் உண்டு. மறுபடி அழைத்தால் அவற்றோடு வருகிறேன்.